பின்னறையில் பூட்டிய பை

உவரிக் கடற்கரையில் கயாக் என்ற சிறு துடுப்புப்படகு பழக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அவசரப் பை ஒன்று கட்டினேன். ஆபத்தில் கொளுத்திக் காட்டும் ஃபிளேர் இரண்டு, முதலுதவிப் பொருள்கள், தண்ணீர், கத்தி, டார்ச். எல்லாவற்றையும் ஆரஞ்சு நிற டிரை பேக்கில் அடுக்கி, படகின் பின்னறையில் வைத்து இறுக மூடினேன்.

ஆடியில் ஒருநாள் கச்சான் காற்று ஓங்கி அடித்தது. பக்கவாட்டில் வந்த அலையில் படகு கவிழ்ந்தது. நான் வெளியே வந்து மூச்சு வாங்குவதற்குள் காலிப்படகு காற்றோடு இருபது அடி போய்விட்டது; நீந்த நீந்த விலகியது. அத்தனையும் அதற்குள். என்னிடம் இருந்தது லைஃப் ஜாக்கெட்டில் தொங்கிய விசில் மட்டும். கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிறகும் அது ஒலித்தது. வலையெடுத்துத் திரும்பிய வள்ளத்துப் பெரியவர் ஒருவர் காதில் விழுந்தது.

என் படகையும் இழுத்துக்கொண்டு கரையேறியதும் கேட்டார்: “ஏலே, கடல்ல விழுந்தா பை ஒங்கூட நீந்தி வருமால?”

அன்றிரவே பையைப் பிரித்தேன். கத்தரிக்கோல் துருப்பிடித்திருந்தது. தீப்பெட்டி களியாகியிருந்தது. ஒரு ஃபிளேரின் காலாவதித் தேதி எப்போதோ கடந்திருந்தது. கட்டியதோடு மறந்திருக்கிறேன்.

இப்போது விசில், கத்தி, ஒரு ஃபிளேர், வெயிலில் மின்னிக் காட்டச் சிறு கண்ணாடி, தலைவிளக்கு எல்லாம் ஜாக்கெட்டில். உறையிலிட்ட போனில் கடலோரக் காவல்படையின் 1554 பதிந்திருக்கிறது. சிக்னல் எட்டாத இடத்துக்குக் கடலில் பேசும் விஎச்எஃப் ரேடியோ; ஆபத்தில் கூப்பிட அதில் 16ஆம் சேனல். அதுவும் உடம்போடு கட்டியதுதான். 2017இல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் சேதி போய்ச்சேரவில்லை என்பதை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை.

தண்ணீரும் உடங்குடிக் கருப்பட்டித் துண்டும் ஓட்டை அடைக்கும் டேப்பும் உட்கார்ந்தபடியே கையெட்டும் இடத்தில். பின்னறைக்கு மாற்றுத்துணியும் சாப்பாடும் போதும்.

கை ஃபிளேர் ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் எரியும். பயத்தில் உடனே கொளுத்தினால் வெறுங்கடல்தான் பார்க்கும். வேறு படகு கண்ணில் பட்ட பிறகே கொளுத்த வேண்டும், காற்று போகும் பக்கமாகக் கையை நீட்டி. இதை மட்டும் பழக வருகிறவர்களிடம் மூன்று தடவை சொல்வேன்.

பிறகு கண்ணை மூடச் சொல்லி, ஜாக்கெட்டிலிருந்து விசிலை எடுக்கச் சொல்வேன். போன வாரம் பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு ஈரவிரலில் கயிற்று முடிச்சு அவிழவில்லை. சாயங்காலம் உட்கார்ந்து எல்லா ஜாக்கெட்டிலும் முடிச்சை வெட்டிவிட்டு, இரண்டு விரல் நுழையும் வளையமாகத் தைத்தேன்.