கூஸ்பெர்ரி என்றால் நெல்லிக்காய் இல்லை: ஒயின் தேர்வுக்கு மூக்கைப் பழக்கிய கதை

லண்டனில் ஒரு உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்துக்கொண்டே டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற ஒயின் கல்வி அமைப்பின் மூன்றாம் நிலைத் தேர்வு எழுதினேன். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். ருசித் தேர்வில் முதல் முறை கோட்டைவிட்டேன். இரண்டிலும் தனித்தனியே 55 சதவீதம் வேண்டும். இரண்டாம் முறை ருசித் தேர்வை மட்டும் எழுதித் தேறினேன்.

பெயர் தெரியாத இரண்டு ஒயின்களை முன்னால் வைப்பார்கள். 30 நிமிடம். எந்தத் திராட்சை என்று கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நிறம், மணம், சுவை, தரம் ஆகியவற்றை விவரித்தால் போதும். ஆனால் மணத்தில் 'பழ வாசனை நன்றாக இருக்கிறது' என்றெல்லாம் எழுதினால் மதிப்பெண் விழாது. எலுமிச்சை, பச்சை ஆப்பிள், பீச் என்று பெயர் பெயராகச் சொல்ல வேண்டும்.

நான் சறுக்கியது அங்கேதான். நியூசிலாந்தின் மார்ல்பரோவில் விளையும் சொவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினில் கூஸ்பெர்ரி மணம் வரும் என்பது பாடம். பள்ளிக்கூடத்தில் கூஸ்பெர்ரி என்றால் நெல்லிக்காய் என்றுதானே படித்தோம்? நானும் நெல்லிக்காயை நினைத்துக்கொண்டே மாதக்கணக்கில் முகர்ந்தேன். நெல்லிக்காய்க்கு ஏது பெரிய வாசனை? துவர்ப்பும், மேலே தண்ணீர் குடித்தால் வரும் தித்திப்பும்தான்.

ஒரு ஜூலை மாதம் சந்தையில் அசல் கூஸ்பெர்ரி கிடைத்தது. பச்சைத் தோல், அதில் வெளிறிய கோடுகள், மேலே பூனைமுடி மாதிரி ரோமம். வீட்டுக்கு வந்து ஒன்றை நறுக்கி முகர்ந்துவிட்டுக் கோப்பையில் மூக்கை வைத்தேன். புளிப்பும் அறுத்த புல்லும் கலந்த அதே வாடை. அதற்கடியில் இன்னொன்றும் இருந்தது. அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்: பழுத்த கொய்யாவைப் பள்ளிப் பையில் மறந்து வைத்தால், மாலையில் பையைத் திறந்ததும் வருமே, அந்த வாசனை. பாடப் பட்டியலில் இல்லை என்று அதை அதுவரை ஒதுக்கியே வைத்திருந்தேன். கொய்யா, பேஷன் ஃபுரூட், இந்த ஒயின் மூன்றிலும் தியால் என்ற கந்தகச் சேர்மங்கள் உண்டு. மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அன்றிலிருந்து என் வழக்கம் இது: முதல் முகர்தலில் தோன்றுவதைத் தமிழிலேயே ஓரத்தில் கிறுக்கிவிடுவேன். அப்புறம் அது எந்தப் பழக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று பார்ப்பேன். கொய்யா என்றால் வெப்பமண்டலப் பழம், விடைத்தாளில் பேஷன் ஃபுரூட். நாவல்பழம் என்று தோன்றினால் கறுப்புப் பழம். அங்கிருந்து பிளாக்பெர்ரியா, பிளாக்கரன்டா என்று தேடுவேன். கூட்டம் சரியாக இருந்தால் பெயர் தானாக வந்து சேரும்.

கூட்டங்களைப் பழக ஷார்டொனே என்ற வெள்ளை ஒயினைவிட நல்ல வாத்தியார் கிடையாது. பிரான்ஸின் குளிரான ஷாப்ளியிலிருந்து வந்தால் பச்சை ஆப்பிள், எலுமிச்சை. கொஞ்சம் வெதுவெதுப்பான ஊர் என்றால் பீச். கலிஃபோர்னியாவின் வெயில் பகுதி என்றால் அன்னாசி, வாழைப்பழம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகருங்கள். தனியாக வாங்கினால் கட்டுப்படியாகாது.

ஒயினைவிடப் பழத்துக்குச் செலவழிப்பது லாபம். நான் சின்ன டப்பாக்களில் பழத்துண்டுகளைப் போட்டு, அறை நண்பனைக் கலைத்துக் கொடுக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு முகர்வேன். முதல் நாள் பேரிக்காயையும் ஆப்பிளையும் மாற்றிச் சொன்னேன். 'இதுக்கா இவ்வளவு ஃபீஸ் கட்டுன?' என்று கேட்டான். லிச்சி டப்பா ஒன்று கட்டாயம் வாங்குங்கள். கெவுர்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை ஒயினில் வருவது அந்த வாசனையேதான், ரோஸ் ஆக்சைடு என்ற மணச் சேர்மம் இரண்டிலும் இருக்கிறது. பிரான்ஸின் போஷலே பகுதியின் இளம் சிவப்பு ஒயினில் வாழைப்பழம் வந்தால் பயப்பட வேண்டாம். முழுத் திராட்சைக் குலைகளைக் கரியமில வாயு நிறைந்த தொட்டியில் நொதிக்கவிடுவதால் வருவது அது.

இனி, நிறம். முதல் தேர்வில் கோப்பை கருஞ்சிவப்பாக இருந்ததைப் பார்த்ததுமே, முகராமலே 'பிளாக்பெர்ரி' என்று எழுதிவிட்டேன். என்னைவிடத் தேர்ந்தவர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். 2001இல் வெளியான, பிரான்ஸின் போர்தோவில் நடந்த ஒரு ஆய்வில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேர். அவர்கள் அதை விவரிக்கத் தேர்ந்தெடுத்தவை பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்கான சொற்கள்.

தேர்வன்று காலையில் செண்ட் போடாதீர்கள், காபியைத் தள்ளிவையுங்கள். மூக்கு மரத்துப்போனால் சொந்தச் சட்டைக் கையை முகருங்கள். நாலு முகர்தலுக்கு மேல் புதிதாக எதுவும் வராது.

இரண்டாம் முறை சிவப்பு ஒயின் வந்ததும் நிறத்தை எழுதிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். செர்ரி. ராஸ்பெர்ரி. கொஞ்சம் பொறுத்து ஸ்ட்ராபெர்ரி. மூன்றுமே சிவப்புப் பழம். பின்னால் லேசாக, பீப்பாய் விட்டுப்போன வனிலா. எழுதி முடித்தபோது 4 நிமிடம் மிச்சமிருந்தது.