ஒன்லி

"சார், ஐ ஆம் இன் தாம்பரம் ஒன்லி."

மின்சார ரயிலில் எதிரே இருந்த பையன் போனில் சொன்னதும் கூட வந்தவன் சிரித்துவிட்டான். பையன் முகம் சுண்டிப்போனது.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அவன் மனதில் இருந்தது 'தாம்பரத்துலதான் இருக்கேன்'.

நம்ம 'தான்' ரெட்டை வேலை பார்க்கும். 'அவன்தான் எடுத்தான்' என்றால் வேறு யாருமில்லை. 'வீட்டுலதான் இருக்கேன்' என்றால் வெறும் உறுதி, சந்தேகப்படாதே என்கிற தொனி. ஆங்கிலேயர் காதில் 'ஒன்லி' பெரும்பாலும் முதல் வேலையைத்தான் செய்யும். இந்தி பேசுபவர்களும் நம்ம 'தான்' போன்ற தங்கள் 'ஹீ'யை இப்படித்தான் ஒன்லி ஆக்குகிறார்கள். மொழியியலாளர்கள் இதை இந்திய ஆங்கிலத்தின் இயல்பாகவே பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை வெட்கப்பட ஒன்றுமில்லை.

இங்கிலாந்திலேயே இந்தச் சொல் எங்கே நிற்க வேண்டும் என்று பெரிய சண்டை. 'ஹி ஒன்லி டைட் எ வீக் அகோ' (ஒரு வாரம் முன்னாலதான் இறந்தார்) தப்பு, 'டைட் ஒன்லி' என்று வர வேண்டும் என்றார்கள் கண்டிப்பானவர்கள். 1926-இல் வந்த தன் ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியில் ஃபவுலர் அந்த முதல் வாக்கியத்துக்காக வாதாடினார். யாருக்கும் குழப்பம் வராதபோது எதற்குத் திருத்துவது என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

எழுதும்போது மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். 'ஒன்லி ஐ ஈட் ஃபிஷ்' என்றால் வீட்டில் மற்ற யாரும் மீன் தொடுவதில்லை. 'ஐ ஈட் ஒன்லி ஃபிஷ்' என்றால் தட்டில் சோறுகூட இல்லை.