விப்லாஷ் சிமுலேஷன்: தலை சரியாக அசைந்தால் மட்டும் போதாது

சிக்னலில் நிற்கும் காரைப் பின்னால் வரும் வண்டி இடிக்கிறது. சீட் முதுகைத் தள்ள உடம்பு முன்னே போகிறது. சுமார் நாலரை கிலோ எடையுள்ள தலை மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இந்த உதறலில் கழுத்துக்கு வரும் காயம்தான் விப்லாஷ். தலை பின்னால் சாய்வதற்கு முன்பே, முதல் 100 மில்லிநொடிக்குள், கழுத்து ‘எஸ்’ வடிவத்தில் வளைகிறது. அதாவது கீழ்ப்பகுதி பின்பக்கமும் மேல்பகுதி முன்பக்கமும் மடங்குகின்றன. யேல் பல்கலைக்கழகத்தில் மனோகர் பஞ்சாபி என்ற ஆய்வாளரின் குழுவினர் 1997இல் தானமாகப் பெற்ற சடலக் கழுத்துகளை வைத்து இதைக் காட்டினார்கள். தன்னார்வலர்களை உட்காரவைத்து எக்ஸ்-ரேயில் படமெடுத்த ஜப்பானின் கனேயோகா குழு, சி5–சி6 மூட்டின் (கழுத்தின் ஐந்தாம், ஆறாம் முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ளது) சுழற்சி மையம் வழக்கத்தைவிட மேலே ஏறிவிடுவதை 1999இல் கண்டது. அப்போது முள்ளெலும்புகளின் பின்பக்கத்தில் இருக்கும் சிறிய ஃபேசட் மூட்டின் பரப்புகள் வழுக்கிச் செல்லாமல் பின்விளிம்பில் ஒன்றோடொன்று மோதுகின்றன. நாள்பட்ட கழுத்துவலிக்கு இந்த மூட்டின் மேல்தான் பலமான சந்தேகம்.

விப்லாஷ் சிமுலேஷன் என்பது கழுத்தை எலிமெண்ட் எனும் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினி மாடலாக்கி, இந்த மோதலை அதில் ஓட்டிப் பார்ப்பது. காயம் மூட்டில் நடப்பதால், தலையின் சுழற்சிக் கோடு நிஜச் சோதனையின் கோட்டோடு ஒட்டிப் போவதை மட்டும் காட்டி “மாடல் சரி” என்று சொன்னால் அதை ஏற்கவே கூடாது. தலைக்கும் மார்பு முதுகெலும்புக்கும் நடுவில் எட்டு மூட்டுகள் இருக்கின்றன. சி2–சி3 அளவுக்கு மீறி விறைப்பாகவும் சி6–சி7 அளவுக்கு மீறித் தளர்வாகவும் இருந்தாலும் கூட்டுத்தொகை அதே கோணமாக வந்துவிடும். காயம் பற்றிய கணக்கோ முழுக்கத் தப்பாகிவிடும்.

மாடலுக்கு எலும்பின் வடிவத்தை எடுக்கும் சிடி ஸ்கேனிலேயே சறுக்கல் தொடங்கும். ஸ்லைஸ் தடிமன் 1 மி.மீ.க்கு மேல் போனால் ஃபேசட் இடைவெளி மங்கி, இரண்டு எலும்பும் ஒட்டினாற்போலத் தெரியும். ஸ்கேன் எடுக்கும்போது ஆள் படுத்திருக்கிறார், காரிலோ உட்கார்ந்திருக்கிறார். கழுத்தின் வளைவை உட்கார்ந்த நிலைக்குத் திருத்தாமல் ஓட்டினால், ‘எஸ்’ வடிவம் எந்த மட்டத்தில் தோன்றுகிறது என்பதே மாறிவிடும்.

முள்ளெலும்பின் வெளி ஓடு அரை மி.மீ. அளவுதான், அதற்கு மெல்லிய தகடு போன்ற ஷெல் எலிமெண்ட் போதும். முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்கின் வெளி வளையத்தில் நார்கள் சுமார் 30 டிகிரியில் குறுக்கும் மறுக்குமாக ஓடுகின்றன. அவற்றைத் தனியாகக் கொடுக்காவிட்டால் டிஸ்க் முறுக்கலில் வெறும் ரப்பராக நடந்துகொள்ளும். எலும்புகளை இணைக்கும் நார்ப்பட்டைகளான லிகமெண்டுகளுக்கு ஒரே விறைப்பு எண்ணைக் கொடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. நிஜ லிகமெண்ட் ஆரம்பத்தில் எளிதாக நீண்டு, பிறகுதான் இறுகும். அந்தத் தொடக்க வளைவை விட்டுவிட்டால், சிறிய விசையில் கழுத்து சுலபமாக அசையும் பகுதியே காணாமல் போகும். விப்லாஷின் முதல் கட்டம் நடப்பதோ அங்கேதான்.

அடுத்தது நேரப்படி, அதாவது கணினி ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர அளவு. ஒலி ஒரு எலிமெண்டைக் கடக்கும் நேரத்தை அது தாண்டக் கூடாது. எலும்பில் ஒலி நொடிக்குச் சுமார் 3,000 மீட்டர் போகிறது. 1 மி.மீ. எலிமெண்டுக்கு நேரப்படி 0.3 மைக்ரோநொடி அளவில் நிற்கும். 200 மில்லிநொடி ஓட்டத்துக்கு ஆறு லட்சம் படிகளுக்கு மேல். ஃபேசட் ஓரத்தில் 0.2 மி.மீ. எலிமெண்ட் ஒன்றே ஒன்று தப்பித்தவறி நின்றாலும், ஓட்டம் ஐந்து மடங்கு இழுக்கும். அதைச் சமாளிக்க மாஸ் ஸ்கேலிங் போடுவார்கள், அதாவது நேரப்படி பெரிதாகும்படி சிறு எலிமெண்டுகளின் எடையைச் செயற்கையாக ஏற்றுவார்கள். மொத்த எடையில் ஒரு சதவீதம்தானே என்று விடக் கூடாது, அது எங்கே ஏறியது என்று பார்க்க வேண்டும். சில பத்து கிராம் எடையுள்ள ஒரே முள்ளெலும்பில் அது குவிந்தால், அந்த எலும்பு தாமதமாக அசைந்து ‘எஸ்’ வளைவையே கெடுக்கும். எலிமெண்டுகள் பொய்யாக நெளிவதைத் தடுப்பதில் செலவாகும் ஹவர்கிளாஸ் ஆற்றலும் அப்படித்தான். மொத்தத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் டிஸ்க்கில் மட்டும் எகிறியிருக்கும், ஆகவே பாகம் பாகமாகப் பிரித்துப் பாருங்கள்.

தசை அனிச்சையாக விழிக்கச் சுமார் 70 மில்லிநொடி ஆகும், விசை ஏற அதற்கு மேலும் நேரம் வேண்டும். தொடக்கத்திலேயே தசையை முழுதாக இயக்கினால் ‘எஸ்’ வளைவு மட்டுப்பட்டு, மாடல் பொய்யாகப் பாதுகாப்பைக் காட்டும். அதற்காக ஒரேயடியாக அணைத்துவிட்டாலோ, மோதலுக்கு முன்பே தலை தொங்கிவிடும்! தலையின் எடையைத் தாங்கும் அளவுக்கு மட்டும் லேசான இறுக்கம் கொடுத்து, சமநிலைக்கு வந்த பிறகு மோதலைத் தொடங்குவதுதான் சரி.

கழுத்துக்கு அடியில் உள்ள முதல் மார்பு முள்ளெலும்பான டி1-க்குக் கிடைமட்ட முடுக்கத்தை மட்டும் கொடுப்பதும் பெரிய பிழை. சீட் அழுத்தும்போது முதுகின் வளைவு நிமிர்கிறது. அதனால் டி1 மேலே ஏறுகிறது, பின்னோக்கியும் திரும்புகிறது. இவற்றை விட்டால் கழுத்தில் ஆரம்பத்தில் வரும் அமுக்கம் கணக்கில் வராது.

சரிபார்ப்பைக் கீழிருந்து மேலே கொண்டுபோங்கள். முதலில் ஒவ்வொரு மூட்டையும் தனியே எடுத்து 1–2 நியூட்டன் மீட்டர் திருப்பு விசையில் கோணம் பார்க்க வேண்டும். பிறகு தசையில்லாத முழுக் கழுத்து, கடைசியில் தன்னார்வலர் சோதனை. விறைப்பைத் திருத்தப் பயன்படுத்திய தரவையே மறுபடி காட்டி “பொருந்துகிறது” என்பது சரிபார்ப்பே ஆகாது.

முடிவை எந்த அளவுகோலில் படிப்பது என்பதிலும் குழப்பம் நிறைய. அமெரிக்க முன்மோதல் விதியில் வரும் என்ஐஜே எனும் கழுத்துக் காய அளவுகோலுக்கு வரம்பு 1.0. அதில் பின்மடிப்புக்கான 135 நியூட்டன் மீட்டர் என்பது ஹைப்ரிட் 3 எனும் மோதல் சோதனைப் பொம்மையின் (டம்மி) ஆண் வடிவத்துக்கான எண். கடுங்காயத்துக்காக வகுத்த அந்தச் சூத்திரத்தை விப்லாஷுக்குப் போட்டால், வலியோடு இறங்கும் ஆளுக்கும் “ஆபத்தில்லை” என்றே வரும். பின்மோதலுக்கென்றே வந்த என்ஐசி என்ற அளவுகோல், தலைக்கும் டி1-க்கும் உள்ள முடுக்க வித்தியாசத்தை 0.2-ஆல் பெருக்கி, வேக வித்தியாசத்தின் வர்க்கத்தைக் கூட்டுகிறது. எச்சரிக்கை எல்லை 15. முதல் சோதனைக்கு அது போதும். மனித மாடல் கையில் இருக்கும்போது அதோடு நிற்காமல், ஃபேசட் மூட்டைச் சுற்றியுள்ள உறையின் நீட்சியை மட்டம் மட்டமாக நேரடியாக எடுத்துப் பாருங்கள். டொயோட்டாவின் தம்ஸ் (THUMS) என்ற மனித உடல் மாடல் 2021 முதல் இலவசமாகவே கிடைப்பதால், கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் இதைச் செய்து பார்க்கலாம்.