வெண்டர் பிராஞ்சில் கை வைக்காதீர்கள்

எக்ஸ்எம்எல் படிக்கும் எக்ஸ்பாட் மாதிரி ஒரு வெளி லைப்ரரியைப் பெரிய புராஜெக்டுக்குள் கொண்டுவருவது முதல் தடவை சுலபம். டார்பாலை (சுருக்கிக் கட்டிய கோட் தொகுப்பு) பிரித்துப் போட்டு கமிட் செய்தால் ஆயிற்று. சிக்கல் அடுத்த வெர்ஷனில்தான். அதற்குள் நம் ஆட்கள் அந்தக் கோடில் நாலைந்து இடம் திருத்தியிருப்பார்கள். புது டார்பாலை அதன் மேலேயே பிரித்தால் அத்தனை திருத்தமும் சத்தமில்லாமல் போய்விடும். அங்கே மெர்ஜே (இரு பக்க மாற்றங்களை இணைப்பது) நடக்காததால் கான்ஃப்ளிக்ட் என்று ஒரு வரிகூட வராது.

இதற்கான வழி மிகப் பழையது. கிட்டுக்கு முந்தைய வெர்ஷன் கன்ட்ரோல் கருவியான சிவிஎஸ்ஸில் இம்போர்ட் செய்தாலே 1.1.1 என்ற வெண்டர் பிராஞ்ச், அதாவது வெளியார் கோடை நாம் திருத்தாமல் அப்படியே வைக்கும் தனிக் கிளை, உருவாகிவிடும். 2020 டிசம்பரில் கிட்டுக்கு மாறிய ஃப்ரீபிஎஸ்டி ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் அதே முறைதான்: வெளிக் கோட் வெண்டர்/எக்ஸ்பாட் போன்ற தனி பிராஞ்சில் இருக்கும், அங்கிருந்து கான்ட்ரிப்/எக்ஸ்பாட்டுக்கு மெர்ஜ் ஆகும். போன தடவை வந்த கோட், இப்போது வந்திருப்பது, நம்முடையது என்று மூன்றையும் கிட் ஒப்பிட முடிவதால்தான் நம் திருத்தம் பிழைக்கிறது.

புது வெர்ஷன் வந்தால், தனி க்ளோனில் வெண்டர் பிராஞ்சை எடுத்து, .கிட் தவிர எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பிரியுங்கள். அழிக்காவிட்டால் அவர்கள் நீக்கிய பழைய ஃபைல்கள் தங்கிவிடும். மேக்ஃபைலில் நட்சத்திரக் குறி போட்டு எல்லா .சி ஃபைலையும் எடுப்பவர்களுக்கு, ஒரே ஃபங்ஷன் இரண்டு இடத்தில் இருப்பதாக லிங்கர் கத்தும். பிறகு கிட் ஆட் -ஏ -எஃப். அந்த -எஃப் முக்கியம், இல்லாவிட்டால் அவர்களுடைய .கிட்இக்னோர் அவர்கள் டார்பாலில் உள்ள ஃபைலையே தடுத்துவிடும். வரிமுடிவு மாறாமல் இருக்க, அந்த க்ளோனின் .கிட்/இன்ஃபோ/ஆட்ரிப்யூட்ஸில் '* -டெக்ஸ்ட்' என்று ஒரு வரி போதும். கமிட், வெர்ஷன் எண்ணோடு டேக், முடிந்தது.

டார்பாலை அவர்களுடைய கிட் டேக்கோடு ஒப்பிடாமல் ஏற்றாதீர்கள். 2024-ல் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1-ல் பின்கதவைத் திறந்துவிட்ட பில்ட்-டு-ஹோஸ்ட்.எம்4 என்ற பில்ட் ஃபைல் டார்பாலில் மட்டும்தான் இருந்தது, கிட்டில் இல்லை.

மெய்ன் பிராஞ்சில் முதல் தடவை கிட் சப்ட்ரீ ஆட், அதன் பிறகு எப்போதும் கிட் சப்ட்ரீ மெர்ஜ், இரண்டிலும் --ப்ரீஃபிக்ஸ்=கான்ட்ரிப்/எக்ஸ்பாட். கான்ஃப்ளிக்டைத் தீர்த்ததும் இதை ஓட்டுங்கள்:

கிட் டிஃப் வெண்டர்/எக்ஸ்பாட் ஹெட்:கான்ட்ரிப்/எக்ஸ்பாட்

வருவது முழுக்க நம் திருத்தம் மட்டுமே. தெரியாத ஒரு வரி அதில் இருந்தால் மெர்ஜ் எங்கோ தவறியிருக்கிறது. இந்த டிஃப் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நிம்மதி. ஃப்ரீபிஎஸ்டியில் எக்ஸ்பாட்டின் கான்ஃபிக் ஹெடர்கூட கான்ட்ரிப்பில் இல்லை, லிப்/லிப்எக்ஸ்பாட்டில் இருக்கிறது. ஃபார்மேட்டர் ஸ்கிரிப்டும் கான்ட்ரிப் பக்கம் போகவே கூடாது.

பெரும்பாலும் எல்லாம் கெடுவது புஷ் செய்யும் நேரத்தில். வேறு யாரோ முந்திக்கொண்டு புஷ் செய்திருப்பார்கள், நாம் பழக்கதோஷத்தில் புல் --ரீபேஸ் அடிப்போம். ரீபேஸ் மெர்ஜ் கமிட்டைத் தூக்கி எறிந்துவிட்டு வெண்டர் கமிட்டுகளை ஒவ்வொன்றாக மெய்ன் மேல் வைக்கும். எக்ஸ்பாட்டின் ரீட்மீயும் மேக்ஃபைலும் நம் புராஜெக்டின் உச்சி டைரக்டரியில் வந்து மோதும். அப்படி ஆனால் தைத்துப் பார்க்காதீர்கள். ரீபேஸ் --அபார்ட் கொடுத்து, மெய்னை ரிமோட் நிலைக்கு ரீசெட் செய்து, மெர்ஜை மறுபடி செய்யுங்கள். முன்பே ரீரீரீயை இயக்கி வைத்திருந்தால் தீர்த்த கான்ஃப்ளிக்டுகளை அதுவே நினைவில் வைத்துத் தீர்த்துத் தரும்.

புல் ரிக்வெஸ்டில் எல்லாவற்றையும் ஒரே கமிட்டாக்கும் ஸ்க்வாஷ் பட்டனும் இதே கேடுதான். மெர்ஜ் கமிட்டை வெண்டர் பிராஞ்சோடு இணைக்கும் இரண்டாவது பேரன்ட் போய்விடுவதால் அடுத்த தடவை கிட் அதற்கும் முந்தைய இம்போர்ட்டிலிருந்து ஒப்பிடும். தீர்த்த கான்ஃப்ளிக்ட் எல்லாம் திரும்ப வரும். முதல் இம்போர்ட்டையே ஸ்க்வாஷ் செய்திருந்தால், தொடர்பில்லாத வரலாறுகள் என்று மெர்ஜ் செய்யவே மறுத்துவிடும்.

பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று பைசெக்ட் செய்து தேடும்போது மட்டும் ஒரு தொல்லை: வெண்டர் கமிட்டுக்குள் நுழைந்துவிட்டால் அங்கே நம் புராஜெக்டே இருக்காது, பில்டும் ஆகாது. கிட் 2.29 முதல் பைசெக்ட் ஸ்டார்ட்டுக்கு --ஃபர்ஸ்ட்-பேரன்ட் கொடுக்கலாம். அந்தப் பக்கமே போகாது.