மூன்று மெய்நிகராக்கத் தளங்கள்: அளந்ததும் கணக்குப் போட்டதும்

ஒரே சர்வரில் பல மெய்நிகர்க் கணினிகளை (வி.எம்.) ஓட்டும் மென்பொருளைத் தயாரிக்கும் வி.எம்.வேர் நிறுவனத்தை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கியது, அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனை நின்று எல்லாம் சந்தா ஆனது. உரிமத்தைப் புதுப்பிக்கும் முன், வி.எம்.வேர், மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி, திறமூல பிராக்ஸ்மாக்ஸ் மூன்றையும் ஒரே சர்வரில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுவி அளந்தோம்.

முதல் சுற்று வீண். டிஸ்க் வேகத்தை அளக்கும் ஃபியோ கருவியின் சோதனைக் கோப்பு ஹோஸ்டின் (வி.எம்கள் ஓடும் சர்வரின்) ரேமைவிடச் சிறியது. படித்ததெல்லாம் டிஸ்கிலிருந்து அல்ல, கேஷிலிருந்து (ரேமில் இருக்கும் நகலிலிருந்து) வந்தது. கோப்பை ரேமின் இருமடங்காக்கி, டைரக்ட் ஐ.ஓ. (கேஷைத் தவிர்ப்பது) வைத்து, 4 கே.பி. ரேண்டம் எழுத்தை கியூ டெப்த் (ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கும் கோரிக்கைகள்) 1, 32 இரண்டிலும் ஓட்டினோம். டேட்டாபேஸுக்குப் பார்க்க வேண்டியது 1-இல் வரும் தாமதம். 32-இல் வரும் பெரிய எண் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான்.

பிராக்ஸ்மாக்ஸ் மந்தமாகத் தெரிந்தால் முதலில் அமைப்பைச் சந்தேகியுங்கள். டிஸ்க் ஐ.டி.இ. என்ற பழைய இணைப்பு முறையில் இருந்தால், வி.எம்களுக்கென்றே அமைந்த விர்ட்ஐஓ ஸ்கசிக்கு மாற்றுங்கள். சி.பி.யு. வகையை 'ஹோஸ்ட்' ஆக்கினால்தான் பிராசஸரின் முழுத்திறனும் வி.எம்முக்குத் தெரியும், ஆனால் பிராசஸர் தலைமுறை மாறிய ஹோஸ்ட்களுக்கிடையே லைவ் மைக்ரேஷன் (ஓடும் வி.எம்மை நிறுத்தாமல் நகர்த்துவது) சிக்கலாகும். இவற்றைச் சரிசெய்தபின் மூன்றுக்கும் இடையே வேக வித்தியாசம் முடிவை மாற்றும் அளவுக்கு இல்லை.

முடிவைத் தீர்மானித்தது கோர் (சி.பி.யு.வுக்குள் உள்ள கணிப்பு அலகு) கணக்கு. 3 ஹோஸ்ட், ஒவ்வொன்றிலும் 12 கோர் சி.பி.யு. இரண்டு: மொத்தம் 72 கோர். வி.எம்.வேரில் ஒரு சி.பி.யு.வுக்குக் குறைந்தது 16 கோர் என்பதால் 96 கோருக்குச் சந்தா கட்ட வேண்டும். இல்லாத 24 கோருக்கும் பணம்! பிராக்ஸ்மாக்ஸ் சந்தா சாக்கெட் (சி.பி.யு. பொருத்தும் இடம்) கணக்கு, எனவே 6 மட்டுமே.

விண்டோஸ் சர்வர் உரிமம் எந்தத் தளத்திலும் தனிச்செலவு, பலர் கணக்கில் விட்டுவிடும் செலவு இது. ஸ்டாண்டர்ட் பதிப்பில் ஹோஸ்டின் எல்லாக் கோருக்கும் உரிமம் வாங்கினால் 2 விண்டோஸ் வி.எம். மட்டும், அடுத்த இரண்டுக்கு அதே கோர்களுக்கு மறுபடி வாங்க வேண்டும். விண்டோஸ் வி.எம்கள் நிறைய இருந்து டேட்டாசென்டர் பதிப்பு ஏற்கெனவே கையிலிருந்தால் ஹைப்பர்-விக்குக் கூடுதல் உரிமச் செலவு இல்லை. அதைத் தாண்டிப் போகக் காரணம் வேண்டும்.

இடமாற்ற உழைப்பையும் செலவில் சேருங்கள். பிராக்ஸ்மாக்ஸுக்கு நகர்த்தும் முன்பே விண்டோஸ் வி.எம்மில் விர்ட்ஐஓ டிரைவரை நிறுவாவிட்டால் பூட்டில் நீலத்திரை வரும். அப்போது டிஸ்கைத் தற்காலிகமாக சாட்டாவில் மாட்டி, 1 ஜி.பி. வெற்று டிஸ்க் ஒன்றை விர்ட்ஐஓ ஸ்கசியில் சேர்த்து, பூட் செய்து டிரைவரை ஏற்றியபின் பழைய டிஸ்கையும் விர்ட்ஐஓ ஸ்கசிக்கு மாற்றலாம். லினக்ஸில் நெட்வொர்க் கார்டின் பெயர் பெரும்பாலும் மாறும், நிலையான ஐ.பி. போட்டவை இணைப்பின்றி எழும். கன்சோல் வழியாகத்தான் உள்ளே போக முடியும், ரூட் கடவுச்சொல் கையில் இருக்கட்டும்.