மாப்பிள்ளை பூட்ஸ்

ஸ்காட்லாந்தில் இருக்கும் இன்வர்னெஸுக்குக் குடிவந்த புதிதில் என் வீட்டுக்காரருக்கு மீன் பிடிக்கும் ஆசை வந்தது. அது போய் சைக்கிள் வந்தது. இப்போது மான்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு எஸ்டேட்டில் ஸ்டாக்கர். மலையில் மான் கூட்டத்தைக் கணக்குப் பார்த்து, காற்றுக்கு எதிராகத் தவழ்ந்து போய், சுட்டுக் குறைப்பது அவர் உத்தியோகம். அவருக்குத் துணையாகப் போவதென்று இவர் முடிவு செய்துவிட்டார். துப்பாக்கியெல்லாம் கிடையாது, அதற்குப் போலீஸ் சான்றிதழ் வேண்டும். இவருக்குக் கிடைத்த பதவி, சுட்ட மானைக் கயிறு கட்டி வண்டி நிற்கும் இடம் வரை இழுத்து வருவது.

இந்தப் பதவிக்குத்தான் அளவெடுத்துத் தைத்த தோல் பூட்ஸ் வேண்டுமாம்.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. ரப்பர் செருப்பிலேயே வளர்ந்த கால், விரல் பக்கம் அகலம், குதிகால் ஒல்லி. கடை பூட்ஸ் எதைப் போட்டாலும் முன்னால் கடிக்கும், பின்னால் கழன்றுகொள்ளும். ஹைலாண்ட்ஸ் மலையோ பாதி பாறை, பாதி சதுப்பு. பச்சைப் பாசி என்று நம்பிக் கால் வைத்தால் முழங்கால் வரை கறுப்புத் தண்ணீர். ஒரு முறை அப்படி உள்ளே போன கடை பூட்ஸ், கால் வெளியே வந்தபோது கூட வரவில்லை.

அந்த நேரம் பார்த்து அப்பா ஆறு மாத விசாவில் வந்து சேர்ந்தார். வாணியம்பாடியில் ஆயுசு முழுக்க தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவர். வந்ததும் மாப்பிள்ளையின் புதுத் தொழிலைக் கேட்டு ஆடிப்போனார்.

"நம்ம ஊர்ல மானைத் தொட்டா ஜெயிலாச்சே மாப்பிள்ளை?"

"அது 1972 சட்டம் மாமா, இந்தியாவுக்கு. இங்க கதையே வேற. ஸ்காட்லாந்து முழுக்கப் பத்து லட்சம் மான் வரைக்கும் இருக்கும்னு சொல்றாங்க. ஓநாயெல்லாம் ஒழிஞ்சு இருநூறு முந்நூறு வருஷமாச்சு. மான் பெருகிப்போய் கன்னு மரத்தையெல்லாம் மேய்ஞ்சுடுது."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி. அப்போ ஓநாய் போஸ்டுக்கு ஆள் எடுக்கிறாங்க."

பூட்ஸ் தைக்கும் பெரியவர் மத்தியானத்துக்கு மேல்தான் வரச் சொன்னார். காலையில் கால் சின்னதாக இருக்குமாம், நடந்து நடந்து சாயங்காலம் வீங்கும், அந்த அளவுதான் மலையில் உதவும். மலைக்குப் போட்டுப்போகிற தடிமனான கம்பளிக் காலுறையையும் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார். பட்டறைக்குள் நுழைந்ததும் மெழுகு, பசை, தோல் எல்லாம் கலந்த ஒரு வாசனை. எனக்குத் தும்மல் வந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக மூச்சை இழுத்தார். வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் இப்படி ஒரு நிம்மதியை நான் பார்க்கவில்லை.

வீட்டுக்காரரைக் காகிதத்தின் மேல் நிற்க வைத்து, பென்சிலால் காலைச் சுற்றிக் கோடு போட்டார் பெரியவர். பிறகு டேப்பை விரல் முட்டியில் சுற்றினார், மேல்பாதத்தில் சுற்றினார், குதிகாலிலிருந்து கணுக்கால் வளைவு வரை சுற்றினார். எதுவும் பேசவில்லை. பிறகு மறுபடி இடது காலுக்கு வந்து, டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"இடது கால் அரை சைஸ் பெரிசு."

இங்கிலீஷ் அளவில் ஒரு சைஸ் என்பது ஒரு வாற்கோதுமை மணியின் நீளமாம், அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. பழைய கணக்கு, இன்றும் பெட்டியில் அச்சாகிற எண் அதுதான். ஆக, என் கணவரின் இடது கால் வலதைவிட அரை வாற்கோதுமை நீளம். அன்று ராத்திரி வரை அவர் இதற்கு என்னவோ நான்தான் காரணம் என்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அளவு முடிந்து கேள்விகள் ஆரம்பித்தன. மலையா, காடா? மலை என்றால் சோல் விறைப்பாக இருக்க வேண்டும், சரிவில் ஓரத்தை ஊன்றி நிற்க. காட்டுக்குள் என்றால் வளைந்து கொடுக்க வேண்டும், காய்ந்த குச்சி ஒடிவதற்கு முன்பே பாதத்துக்குத் தெரிய வேண்டும். இவர் "ரெண்டும்" என்றார். பெரியவர் "மலை" என்று எழுதிக்கொண்டார்.

இவருக்குப் பழைய புகைப்படங்களில் இருப்பதுபோல அடியில் இரும்பு ஆணி அடித்த பூட்ஸ் மேல் ஒரு கண். கேட்டும் பார்த்தார். பெரியவர் மேசையின் இரும்பு விளிம்பில் ஒரு ஆணியைத் தட்டிக் காட்டினார். டிங். "மான் போயிடுச்சு" என்றார். ஆணியை ஒழித்த ரப்பர் சோலுக்குப் பின்னால் ஒரு துக்கக் கதை இருக்கிறது. 1935இல் இத்தாலியைச் சேர்ந்த வித்தாலே பிரமானியோடு ஆல்ப்ஸ் மலை ஏறப் போனவர்களில் ஆறு பேர் இறந்தார்கள், காலில் சரியான பூட்ஸ் இல்லாதது ஒரு காரணம். இரண்டு வருடத்தில் அவர் ஆழமான பள்ளம் வெட்டிய ரப்பர் சோலுக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் பெயரையும் குடும்பப் பெயரையும் ஒட்டிப் பிறந்ததுதான் விப்ரம்.

அடுத்து, உள்ளே தண்ணீர் புகாத சவ்வு வைத்துத் தைக்கலாமா என்று இவர் கேட்டார். யூடியூப் ஞானம். பெரியவர் பதில் சொல்வதற்குள் அப்பா குறுக்கே புகுந்தார். அவருடைய ஆங்கிலம் முழுக்க, வெளிநாட்டிலிருந்து சரக்கு பார்க்க வந்த வியாபாரிகளோடு பேசிப் பழகிய தோல் ஆங்கிலம். அதில் "எப்படி இருக்கிறீர்கள்" கூட வராது, "கிரெய்ன் தளர்வு" வரும்.

ஒரு துண்டுத் தோலைக் கேட்டு வாங்கினார். கட்டைவிரலால் அழுத்தினார், மடித்தார், முகர்ந்தார், நகத்தால் கீறினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெட்டுவாயைப் பார்த்தார். பெரியவர் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"குரோம் போட்டு, அப்புறம் மேல பட்டைச் சாறும் ஏத்தியிருக்கான். மூணு மில்லி இருக்கும். எண்ணெய் நல்லா குடிச்சிருக்கு." என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அவரிடம் அவருடைய பாஷையில் சொன்னார். பெரியவர் தலையசைத்து, பீரோவிலிருந்து இன்னொரு தோலை எடுத்தார். அப்பா அதையும் முகர்ந்தார். அதன்பின் கழுத்துத் தோல் எதற்கு ஆகாது, வயிற்றுத் தோல் ஏன் இழுபடும், ஆவாரம்பட்டையில் ஊறிய தோலுக்கும் ஓக் பட்டையில் ஊறிய தோலுக்கும் நிறம் எப்படி மாறும் என்று ஒரு மணி நேரம். கடுக்காயைப் பென்சிலால் படம் போட்டுக் காட்டினார் அப்பா. வாடிக்கையாளர் அரை வாற்கோதுமை அதிகமான காலோடு காகிதத்தின் மேலேயே நின்றுகொண்டிருந்தார்.

சவ்வு வேண்டாம் என்று இரண்டு பெரியவர்களும் முடிவு செய்தார்கள். கிழிந்தால் உள்ளே போய்த் தைக்க முடியாதாம், தோல் என்றால் மெழுகு தேய்த்தால் போதும். நாக்கின் இரண்டு ஓரத்தையும் லேஸ் துளைகள் வரை மேல்தோலோடு சேர்த்துத் தைப்பது, விரல் நுனியில் பாறை உரசாமல் ரப்பர் பட்டை கட்டுவது, இறக்கத்தில் நகம் இடிக்காமல் முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடுவது, எல்லாம் தீர்மானமாயிற்று. பணம் கட்டுகிறவரிடம் கேட்கப்பட்டது லேஸின் நிறம் மட்டும்.

விலையை அப்பா ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, கார் வரை பேசவில்லை. "என் கல்யாணத்துக்கு மொத்தமா இவ்ளோ ஆகலை" என்றார் காரில் உட்கார்ந்ததும்.

பூட்ஸ் அக்டோபரில் வந்தது. பெண் மான் சீசன் 21ஆம் தேதி ஆரம்பம், அதற்குள் பழக்க வேண்டுமென்று இவர் வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினார். கடிக்கவில்லை, கழலவில்லை, உண்மையிலேயே அருமையான பூட்ஸ். ஆனால் கொஞ்ச நாளில் வலது கால் மட்டும் 'கிறீச்' என்றது. ஒவ்வொரு அடிக்கும்.

மலையில் அரை மைல் தள்ளி நிற்கிற மானுக்கு இது வரவேற்புரை.

அப்பா மாப்பிள்ளையை ஹாலில் நடக்க விட்டு, தரையில் குனிந்து காதை வைத்துக் கேட்டார். நாக்கைப் பிடித்து அசைத்தார், சோலை வளைத்தார். "உள்தட்டு உரசுது, ஒண்ணுமில்லை மாப்பிள்ளை. பவுடர் போட்டா அடங்கிடும்." வைத்தியம் சரிதான், எல்லாத் தோல்காரர்களுக்கும் தெரிந்ததுதான். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, உள்தட்டைத் தூக்கி, ஊரிலிருந்து கொண்டுவந்த தன் சந்தனப் பவுடரைத் தாராளமாகக் கொட்டி வைத்துவிட்டுப் படுத்தார். இரண்டு காலுக்கும்.

காலையில் இருட்டோடு கிளம்பினார்கள். சத்தம் சுத்தமாக இல்லை. ஓடைப் பள்ளத்தில் தவழ்ந்து, ஈரத்தில் வயிறு நனைந்து, மான் கூட்டத்துக்குச் சரியான தூரம் வரை போய்விட்டார்கள். அப்போது பள்ளத்தில் காற்று ஒரு சுற்று சுற்றியது. முன்னால் நின்ற கிழட்டுப் பெண் மான் மூக்கைத் தூக்கி, நாய்போல ஒரு குரைப்புக் குரைத்தது. அவ்வளவுதான், மலை காலி.

ஸ்டாக்கர் திட்டவில்லை. இந்த ஊர்க்காரர்கள் லேசில் திட்ட மாட்டார்கள், அதுதான் பயம். மெதுவாகத் திரும்பி, பூட்ஸின் பக்கம் முகத்தைக் கொண்டுபோய் முகர்ந்தார். "என் பாட்டியின் பீரோ" என்றாராம். பிறகு வண்டி வரை அவர் தோள் குலுங்கிக்கொண்டே இருந்ததாம்.

வீட்டில் பஞ்சாயத்து நடந்தது. "சத்தம் வந்துச்சா, வரலையா?" என்பதுதான் அப்பாவின் வாதம். அதற்குப் பதில் இல்லை. பவுடரைத் துடைத்தெடுத்துவிட்டு, சமையல்கட்டிலிருந்து சோளமாவைப் போட்டார்கள். வாசனை போக, சதுப்பில் சில நடை தேவைப்பட்டது.

மான் கிடைத்த அன்று, ஸ்டாக்கர் பெரிய மனசோடு ஒரு தொடையை அனுப்பி வைத்தார். மிளகு போட்டு வறுத்தேன், நன்றாகவே வந்தது. அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார், "தோலை என்ன பண்ணாங்க?"

"கழிவோட போயிடும் மாமா."

சாப்பாடு பாதியில் நின்றது. அப்பா கைகழுவிக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். என்ன ஆங்கிலம் பேசினாரோ தெரியாது. இப்போது எங்கள் கார் தெருவில் நிற்கிறது. கேரேஜில், பத்து கிலோ உப்புக்கு அடியில், மான் தோல் இருக்கிறது. இன்றைக்கு இன்னும் இரண்டு தருவதாக ஸ்டாக்கர் சொல்லியிருக்கிறார், உப்பு வாங்கிவர மாப்பிள்ளை கிளம்பியாயிற்று.