தொண்ணூற்றாறு ஆடுகள்

நேற்று சாயங்காலம் சேலம் சுகவனேசுவரர் கோயிலில் நெய்விளக்கு ஏற்றினேன். திரி சாய்ந்து, உருகிய நெய் அகல் ஓரத்தில் வழிந்தது. சட்டென்று சோழர் காலக் கல்வெட்டுகள் சில ஞாபகம் வந்தன. வேட்டையில் அம்பு தவறி ஓர் ஆளைக் கொன்றுவிட்டால், எய்தவனைக் கொல்லவில்லை. ஊரார் கூடி விசாரித்து, செத்தவர் பெயரில் கோயிலில் நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்கு, வைக்கச் சொன்னார்கள். ஒரு விளக்கின் நெய்க்காக எய்தவன் கொடுக்க வேண்டியது பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு. 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். கிழடு போனால் குட்டி வரும், எண்ணிக்கை குறையாது.

ஏற்காட்டு அடிவாரத்தில் என் பெரியப்பா 12 ஆடு மேய்க்கவே திணறுவார். 96 என்றால் வீட்டுச் சொத்தே போயிருக்கும். ஆனாலும் இன்னோர் உயிர் போகவில்லை. அந்தத் தீர்ப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. செத்தவர் வீட்டில் அடுத்த வேளை அடுப்பு எரிந்ததா என்பதுதான் உறுத்துகிறது.